கழிவையும் கரியமில வாயுவையும் பூமிக்குள் இறக்கலாமா? கொங்குப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோட்டம் தோட்டமாகப் போய்த் தண்ணீர் பரிசோதித்துச் சொல்கிற வேலை என்னுடையது. திருப்பூர், பெருந்துறை, சென்னிமலை, கரூர் என்று எங்கே போனாலும் சாயக்கழிவைப் பற்றிப் பேச்சு வரும். இப்போது அதோடு கரியமில வாயுவும் சேர்ந்துகொண்டது. "வெளிநாட்டில் எல்லாவற்றையும் ஆழத்தில் இறக்கிவிடுகிறார்களாமே, நாமும் செய்தால் என்ன?" என்று விவசாயிகளும் கேட்கிறார்கள், பட்டறை வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். நம் மண்ணுக்குக் கீழே அதற்கு இடமே இல்லை என்பதுதான் என் பதில். ஏன் என்று ஒவ்வொரு கேள்வியாக எழுதுகிறேன்.

ஆழத்தில் இறக்குவது என்றால் சரியாக என்னதான் செய்கிறார்கள்?

குடிநீர் கிடைக்கிற அடுக்குகளையெல்லாம் தாண்டி, பல ஆயிரம் அடி ஆழத்தில் இருக்கிற மணற்கல் அல்லது சுண்ணாம்புக்கல் அடுக்குக்குள் கழிவுநீரைப் பம்பு போட்டு அழுத்துகிறார்கள். அந்தக் கல் பார்வைக்குக் கெட்டியாக இருந்தாலும் உள்ளே நுண்ணிய துளைகள் இருக்கும். அந்தத் துளைகளில் ஏற்கனவே கடல்நீரைவிட உப்பான பழைய தண்ணீர் நிற்கும். இறக்குகிற கழிவு அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் அழுத்தித் தள்ளிவிட்டு இடம் பிடிக்கிறது. அதற்கு மேலே களிக்கல் மாதிரி நீர் புகாத ஓர் அடுக்கு மூடியாக இருந்தாக வேண்டும். துளையுள்ள அடுக்கு, அதன் மேல் மூடி அடுக்கு, இரண்டும் மைல் கணக்கில் பரந்து கிடக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் திட்டம் நிலைக்காது.

எங்கே செய்கிறார்கள்?

அதிகம் அமெரிக்காவில்தான். அங்கே 1974-இல் வந்த பாதுகாப்பான குடிநீர்ச் சட்டத்தின் கீழ் இந்தக் கிணறுகளை ஆறு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். தொழிற்சாலைக் கழிவும் நகராட்சிக் கழிவும் இறக்குகிற முதல் வகுப்புக் கிணறுகள் ஏறக்குறைய 800; அவற்றின் ஆழம் 1,700 அடியிலிருந்து 10,000 அடிக்கு மேலும் போகும். எண்ணெய்க் கிணறுகளில் எண்ணெயோடு வரும் உப்புத் தண்ணீரைத் திரும்ப இறக்கும் இரண்டாம் வகுப்பில் ஏறக்குறைய 1,80,000 கிணறுகள். கரியமில வாயுவுக்கென்று ஆறாம் வகுப்பு 2010-இல் வந்தது. அபாயகரமான கழிவை இறக்க வேண்டுமானால், அது 10,000 ஆண்டுகளுக்கு அந்த அடுக்கைவிட்டு வெளியே வராது என்று கணக்குப் போட்டுக் காட்டினால்தான் அனுமதி.

அப்படியெல்லாம் இருந்தும் தவறு நடந்திருக்கிறது. தெற்கு ஃப்ளோரிடாவில் நகராட்சிக் கழிவுநீரை 3,000 அடி வாக்கில் இறக்கினார்கள். மூடி அடுக்கு என்று நம்பியது பல இடங்களில் முழு மூடியாக இல்லாமல், கழிவு மேல்நோக்கி நகர்ந்ததைக் கண்காணிப்புக் கிணறுகள் காட்டின.

ரிக் வண்டி நமக்குப் புதுசா? திருச்செங்கோட்டு வண்டி இந்தியா முழுக்கப் போர் போடுதே. அந்தக் கிணறும் நம்ம போரும் ஒண்ணுதானே?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயமும் இருக்கிறது, ஏனென்றால் துளை போடுவதில் திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு இருக்கிற கைத்திறன் எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் துளை போடுவது வேறு, கழிவு இறக்கும் கிணறு கட்டுவது வேறு.

நம் தோட்டத்தில் போர் போடும்போது என்ன நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். மேல்மண், சுக்கான், உதிர்ந்த பாறை முடிகிறவரைக்கும் கேசிங் பைப் இறங்குகிறது. அது 30 அடியாக இருக்கலாம், 80 அடியாக இருக்கலாம். கெட்டிப்பாறை தட்டியதும் கேசிங் நின்றுவிடும். அதற்குக் கீழே ஆறரை இஞ்ச் துளை வெறும் பாறையாகவே ஆயிரம் அடிக்கும் போகும். பாறையில் எங்கெங்கே வெடிப்பு குறுக்கே வருகிறதோ அங்கெல்லாம் தண்ணீர் உள்ளே வரும். அப்படி வருவதற்காகத்தான் அதைத் திறந்தே விடுகிறோம். கேசிங்குக்கும் மண்ணுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைக்கூடப் பெரும்பாலும் சிமெண்ட் போட்டு அடைப்பதில்லை, வெட்டின தூளையே தள்ளிவிடுகிறார்கள்.

கழிவு இறக்கும் கிணற்றில் எல்லாம் நேர்மாறு. குடிநீர் அடுக்கைத் தாண்டும்வரை ஓர் இரும்புக் குழாய், அதன் வெளிப்பக்கம் அடியிலிருந்து தரைமட்டம்வரை சிமெண்ட். அதற்குள்ளே இன்னொரு நீளக் குழாய், அதற்கும் சிமெண்ட். அதற்குள்ளே கழிவு போகிற குழாய் தனியாக, அடியில் ஓர் அடைப்பான் வைத்து இறுக்கியிருக்கும். உள்குழாய்க்கும் வெளிக்குழாய்க்கும் நடுவில் இருக்கிற வளைய இடைவெளியில் ஒரு திரவத்தை நிரப்பி, அதன் அழுத்தத்தை மேலே மீட்டரில் இரவு பகலாகப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். எங்கேயாவது ஊசித்துவாரம் விழுந்தாலும் அந்த முள் அசையும், உடனே பம்பு நிற்க வேண்டும். கடைசியில், கழிவு போய்ச் சேர வேண்டிய அந்த ஓர் அடுக்கில் மட்டும்தான் குழாயில் ஓட்டை போடுவார்கள். நம் போரில் மேலிருந்து கீழ்வரை எல்லா வெடிப்பும் திறந்தே கிடக்கிறது. அதில் ஊற்றுகிற எதுவும் 1,000 அடிக்குப் போகும் முன்பே 150 அடி வெடிப்பில் பக்கத்துத் தோட்டத்துக்குத் திரும்பிவிடும்.

ஆயிரத்து ஐந்நூறு அடி போட்டும் புகைதான் வந்துச்சுங்க. சொட்டுத் தண்ணி இல்லாத அந்தக் குழியில கழிவை விட்டா யாருக்கு என்ன நட்டம்?

புகை வந்தது என்றால் அங்கே கழிவுக்கும் இடம் இல்லை என்று அர்த்தம். அதைத்தான் அந்தப் போர் உங்களுக்குச் சொல்லியிருக்கிறது.

கம்ப்ரசர் காற்றில் வெள்ளைத் தூள் பறந்துகொண்டே இருக்கிறது, நனையவே இல்லை. காரணம், அந்தப் பாறைக்குள் தண்ணீர் நிற்கத் துளையும் இல்லை, வந்து சேர வெடிப்பும் இல்லை. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் எல்லாம் நைஸ், சார்னோகைட், கிரானைட் என்கிற பழம்பாறைகள் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. நல்ல மணற்கல்லில் ஒரு கன மீட்டர் கல்லை எடுத்தால் அதற்குள் 200 லிட்டர் அளவுக்குக் காலியிடம் இருக்கும். வெடிப்பில்லாத நைஸ் பாறையில் ஐந்து பத்து லிட்டர் இருந்தால் பெரிது, அதுவும் ஒன்றோடு ஒன்று சேராமல் கிடக்கும். அப்புறம் மூடி அடுக்கு என்று ஒன்று இங்கே கிடையவே கிடையாது. மேலே உதிர்ந்த பாறை, கீழே வெடிப்பு விட்ட பாறை, அவ்வளவுதான்.

அப்படியானால் புகை வந்த போரில் சிலர் கழிவை விடும்போது அது எப்படி உள்ளே போகிறது? துளை நிரம்புகிறது, மட்டம் மேலே ஏறுகிறது, ஏறும்போது மேல்பக்கம் இருக்கிற சின்னச் சின்ன வெடிப்புகளைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. அந்த மேல்வெடிப்புகளைத்தான் பக்கத்தில் இருக்கிற கிணறுகள் நம்பியிருக்கின்றன. வெடிப்பு வழியாகப் போகிற தண்ணீருக்கு ஒழுங்கான வழி கிடையாது. ஐம்பது அடி தள்ளி இருக்கிற போர் நன்றாக இருக்கும், ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற போரில் சாயம் வரும். ஒரு தோட்டத்தில் மோட்டார் போட்டுப் பத்து நிமிடம் கழித்துத் தொட்டியில் விழுகிற தண்ணீர் தெளிவாக இருந்து, முக்கால் மணி நேரம் ஓடியபிறகு மெல்லிய ஊதா நிறமாக மாறியதை நானே பார்த்தேன். நிறுத்திவிட்டு மறுநாள் போட்டால் மறுபடியும் முதலில் தெளிவு, அப்புறம் ஊதா. மட்டம் இறங்கினபிறகு எந்த வெடிப்பு சுரக்கிறதோ அதில்தான் சாயம் இருக்கிறது. அந்தத் தோட்டத்துத் தென்னைகளில் கீழ்மட்டை நுனியெல்லாம் கருகி, வாய்க்கால் ஓரத்தில் உப்புப் பூத்திருந்தது.

இப்படிக் கெட்டிப்பாறைக்குள் யாராவது இறக்கிப் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள். கொங்குக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அதுதான், ஏனென்றால் பாறை கிட்டத்தட்ட நம் பாறை.

அமெரிக்காவில் டென்வர் நகரத்துக்குப் பக்கத்தில் ராக்கி மவுண்டன் ஆர்சனல் என்று ராணுவத்தின் ரசாயனத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அதன் கழிவு மேலே குளங்களில் தேங்கி நிலத்தடி நீரைக் கெடுத்து, சுற்றிலும் பயிர் பாழானது. ஆழத்தில் இறக்கிவிடலாம் என்று 1961-இல் 12,045 அடி ஆழத்துக்குக் கிணறு போட்டார்கள். அடியில் தட்டியது வெடிப்பு விட்ட நைஸ் பாறை. 1962 மார்ச்சில் கழிவை அழுத்த ஆரம்பித்தார்கள். அடுத்த மாதமே டென்வர் பக்கம் சின்னச் சின்ன நிலநடுக்கங்கள் பதிவாகத் தொடங்கின. டேவிட் எவன்ஸ் என்கிற நிலவியலாளர் 1965-இல் கிணற்றில் எந்த மாதம் எவ்வளவு இறக்கினார்கள், எந்த மாதம் எத்தனை முறை நிலம் ஆடியது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அதிகம் இறக்கிய மாதங்களில் அதிகம் ஆடியிருந்தது. 1966 பிப்ரவரியில் நிறுத்தினார்கள். நிறுத்தியும் ஓயவில்லை: பெரிய நடுக்கம் 1967 ஆகஸ்டில்தான் வந்தது, ரிக்டரில் 5-ஐ ஒட்டி. உள்ளே ஏற்றிய அழுத்தம் வெடிப்புகள் வழியாக அத்தனை காலம் பரவிக்கொண்டே இருந்தது.

அந்த நான்கு வருடத்தில் இறக்கிய மொத்தக் கழிவு ஏறக்குறைய 62 கோடி லிட்டர். கேட்கப் பெரிதாக இருக்கும். திருப்பூரில் தினம் ஒரு கோடி லிட்டர் என்று ரொம்பக் குறைத்தே வைத்துக்கொண்டாலும் இரண்டு மாதக் கழிவு அது.

தண்ணீர் விட்டால் பூமி ஏன் ஆட வேண்டும்?

பூமிக்குள் பாறைகள் எப்போதும் பெரிய அழுத்தத்தில்தான் இருக்கின்றன. பழைய பிளவுகளின் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பதால் நகராமல் நிற்கின்றன. பிளவுக்குள் அழுத்தத்தோடு தண்ணீர் போனால் அந்தப் பிடி தளர்கிறது. ஏற்கனவே நகரக் காத்திருந்த பிளவு வழுக்குகிறது. கொலராடோவில் ரேஞ்ச்லி என்கிற எண்ணெய் வயலில் 1969-இலிருந்து சில வருடம் இதை வேண்டுமென்றே சோதித்தார்கள். அழுத்தத்தைக் கூட்டினால் நடுக்கம் கூடியது, குறைத்தால் குறைந்தது.

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் எண்ணெய்க் கிணற்றுக் கழிவுநீரை இறக்கியது சுண்ணாம்புக்கல் வகை அடுக்கில்தான், ஆனால் அந்த அடுக்கு நேராக அடிப்பாறை, அதாவது நம் ஊர் மாதிரிக் கெட்டிப்பாறை மேல் உட்கார்ந்திருந்தது. அழுத்தம் அடிப்பாறைக்குள் இறங்கியது. 2016 செப்டம்பரில் பாவ்னீயில் 5.8 அளவில் நடுக்கம் வந்தபிறகு பல கிணறுகளை மூடச் சொன்னார்கள். தென்கொரியாவின் போஹாங்கில் புவிவெப்ப மின்சாரத்துக்காகக் கிரானைட் பாறைக்குள் தண்ணீர் அழுத்தினார்கள். 2017 நவம்பரில் 5.4 அளவு நடுக்கம், நிறைய வீடுகள் சேதம். அரசு அமைத்த குழுவே 2019-இல் அந்தத் திட்டம்தான் காரணம் என்று சொன்னது.

நம் பக்கம் நிலநடுக்கமே வராதே?

1900 பிப்ரவரி 8-ஆம் தேதி கோயம்புத்தூரில் ஏறக்குறைய 6 அளவில் ஒன்று வந்திருக்கிறது, தென்னிந்தியா முழுக்க உணரப்பட்டது. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காவிரி வழியாகப் போகிற பெரிய பழம்பிளவுப் பட்டை ஒன்று, மோயாறு-பவானி வழியாக இன்னொன்று, இரண்டும் கொங்கு நாட்டுக்குள்தான் ஓடுகின்றன. அமைதியாக இருக்கின்றன, இருக்கட்டும். அதற்குள் அழுத்தம் ஏற்றிப் பார்க்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

சாயக்கழிவுக்கு இப்போது என்னதான் வழி இருக்கிறது?

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இளம்பிள்ளைகளுக்குத் தெரியாது. நொய்யலில் 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு வந்தது. சில வருடத்திலேயே திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. கீழ்ப்பக்கத்து விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்ற நிலைக்குச் சட்டப் போராட்டம் வந்து, 2011 ஜனவரி 28-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்கப்புறம் பூஜ்ய வெளியேற்ற முறையை முழுதாகக் கட்டி முடித்தவர்கள்தான் ஒவ்வொருவராகத் திறந்தார்கள்.

இப்போது பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் நுண்ணுயிர்களை வைத்து அழுக்கைச் சிதைத்து, வடிகட்டி, ஆர்ஓ சவ்வில் அழுத்தினால் 80, 85 சதவீதத் தண்ணீர் திரும்பக் கிடைக்கிறது. மீதியாகும் ரிஜெக்ட் தண்ணீரில் உப்பு கெட்டியாக இருக்கும். அதில் ஒரு பகுதியை உப்புக்கரைசலாகவே மறுபடியும் சாயத்தொட்டிக்கு எடுத்துக்கொள்கிறார்கள், பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும் அல்லவா. மீதியை எவாப்பரேட்டரில் கொதிக்கவைத்து உப்பாக எடுக்கிறார்கள். சோடியம் சல்பேட் தனியாகப் பிரிந்தால் திரும்பப் பயன்படும். எதற்கும் பயன்படாத கலப்பு உப்புதான் மூட்டை மூட்டையாக ஷெட்டில் அடுக்கிக் கிடக்கிறது. செலவு அதிகம், விறகும் மின்சாரமும் ஏராளமாகக் குடிக்கிறது. இந்தச் செலவைத் தாங்கி நேர்மையாக நடத்துகிற பட்டறைக்காரர்கள் மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு. இரவில் போருக்குள் விடுகிறவன் அவர்களுக்கும்தான் துரோகம் செய்கிறான், ஏனென்றால் அவன் குறைந்த விலைக்கு ஆர்டர் பிடிக்கிறான்.

அந்தக் கலப்பு உப்பை மட்டுமாவது கரைத்து இறக்கினால்?

மூட்டையில் கெட்டியாகக் கையில் இருக்கிற உப்பைத் தண்ணீராக்கி, பார்க்க முடியாத இடத்தில் விடுவது பின்னோக்கிப் போவது. பிரித்தெடுக்கும் முறையை மலிவாக்கத்தான் ஆராய்ச்சிப் பணம் போக வேண்டும்.

மழைநீர் ரீசார்ஜ் போர் போடச் சொல்கிறீர்களே, அதுவும் உள்ளே விடுவதுதானே?

விடுவது ஒன்றுதான், என்ன விடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அத்திக்கடவு-அவினாசித் திட்டத்தில் 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானித் தண்ணீரைக் கொண்டுவந்து நிரப்புவது, நிலத்தடி மட்டம் ஏறட்டும் என்றுதான். ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள்: ரீசார்ஜ் குழிக்குள் தோட்டத்து மருந்து அடித்த நிலத்திலிருந்து வரும் முதல் மழைத் தண்ணீரையோ, ரோட்டுச் சாக்கடையையோ சேர்க்காதீர்கள். கூழாங்கல், ஜல்லி, மணல் போட்டு வடிகட்டின தண்ணீர் மட்டும் போகட்டும். குளம் நிறைந்து மட்டம் ஏறினால் வெடிப்பில் கிடக்கிற பழைய கழிவும் சேர்ந்தே நகரும், அதனால் நொய்யல் ஓரத்துக் கிணறுகளை மழைக்கு முன்னும் பின்னும் பரிசோதிப்பது நல்லது.

சரி, கரியமில வாயுவை எதற்கு இறக்க வேண்டும்?

நிலக்கரி மின்நிலையம், சிமெண்ட் ஆலை, இரும்பாலை இவற்றின் புகைபோக்கியில் போகிற கரியமில வாயுவைப் பிடித்து, காற்றில் சேராமல் பூட்டிவைப்பதற்கு. சிமெண்டில் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லிலிருந்தே வாயு வருகிறது, எரிபொருளை மாற்றினாலும் அது நிற்காது. அந்த மாதிரித் தொழில்களுக்கு இது நல்ல வழி என்றுதான் நானும் நினைக்கிறேன், தகுந்த நிலம் இருந்தால்.

வாயுவை அழுத்தி 800 மீட்டருக்குக் கீழே கொண்டுபோனால், அங்கிருக்கிற சூட்டிலும் அழுத்தத்திலும் அது திரவம் மாதிரி அடர்த்தியாகிவிடும். 31 டிகிரி வெப்பம், காற்றழுத்தத்தைப்போல் 73 மடங்கு அழுத்தம், இந்த இரண்டையும் தாண்டினால் போதும். அப்போது ஒரு டன் வாயு ஒன்றரை கன மீட்டர் வாக்கில் அடங்கும். நார்வே நாட்டுக்காரர்கள் ஸ்லைப்னர் என்கிற இடத்தில் கடலுக்கு அடியில் இருக்கிற மணற்கல் அடுக்குக்குள் 1996-இலிருந்து இறக்கிவருகிறார்கள், அதிகம் இறக்கிய வருடங்களில் ஏறக்குறைய பத்து லட்சம் டன். அங்கே கரியமில வாயுவுக்கு வரி இருக்கிறது, வெளியே விடுவதைவிட உள்ளே இறக்குவது அவர்களுக்கு லாபம்.

மேட்டூர் அனல்மின் நிலையத்து வாயுவை இங்கேயே இறக்க முடியுமா?

முடியாது. மேட்டூரின் நிறுவுதிறன் 1,440 மெகாவாட். நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு கிலோவை ஒட்டி வாயு வரும். வருடத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஓடினாலே 80 லட்சம் டன் என்று தோராயமாகக் கணக்கு வருகிறது, ஸ்லைப்னர் மாதிரி எட்டு இடம் வேண்டும். கீழே இருப்பதோ நம் புகை வருகிற பாறை. ஒரு கன மீட்டர் பாறையில் சில லிட்டர் இடம் வைத்துக்கொண்டு அதை யாரும் தொடங்கக்கூட மாட்டார்கள்.

வாயுவைப் பிடித்துப் பயன்படுத்துவது வேறு கணக்கு. தூத்துக்குடியில் ஒரு ரசாயன ஆலை 2016 வாக்கிலிருந்து தன் நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து வாயுவைப் பிரித்துச் சோடா உப்பு தயாரிக்கப் பயன்படுத்தியது, வருடத்துக்கு 60,000 டன் அளவுக்கு என்று திட்டம்.

குழாய் போட்டுக் காவிரி டெல்டாவுக்குக் கொண்டுபோனால்?

நிலவியல் கணக்கில் தமிழ்நாட்டில் தகுதியான இடம் அந்தப் பக்கம்தான். திருச்சிக்குக் கிழக்கே போகப் போக, அரியலூர் தாண்டி, படிவுப்பாறைகள் அடுக்கடுக்காகக் கடலுக்குள்வரை போகின்றன, சில இடங்களில் 5 கிலோமீட்டருக்கும் மேல் தடிமன். எண்ணெய், எரிவாயு எடுக்கிறார்கள் என்பதே அங்கே துளையும் மூடியும் இருப்பதற்குச் சாட்சி.

ஆனால் அங்கே மேலே இருப்பது நெல் வயல். நெடுவாசலும் கதிராமங்கலமும் 2017-இல் எப்படிப் போராடின என்று எல்லாரும் பார்த்தோம், 2020-இல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டமும் ஆனது. நம் ஊர்ப் புகைக்கு அவர்கள் வயலைக் கேட்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது? கடலுக்கு அடியில் செய்வதைப் பற்றித் தனியாகப் பேசலாம். நொய்யல் விவசாயி திருப்பூர்க் கழிவைச் சுமந்த மாதிரி இன்னொரு கடைமடை விவசாயி சுமக்கக்கூடாது.

வாயு கல்லாக மாறிவிடும் என்கிறார்களே, நம்மிடம்தான் கல்லுக்குப் பஞ்சமே இல்லையே?

எல்லாக் கல்லும் உதவாது. ஐஸ்லாந்தில் வாயுவைத் தண்ணீரில் கரைத்து எரிமலைக் கல்லான பசால்ட்டுக்குள் இறக்கினார்கள். இரண்டு வருடத்துக்குள் 95 சதவீதம் கார்பனேட் கல்லாக மாறியது என்று 2016-இல் முடிவு வெளியானது. பசால்ட்டில் கால்சியமும் மக்னீசியமும் இரும்பும் எளிதாகக் கரைந்து வருவதால் அது நடக்கிறது. இந்தியாவில் பசால்ட் மகாராஷ்டிரப் பக்கம் தக்காணத்தில் பெரிதாக இருக்கிறது. நம் நைஸ், கிரானைட்டில் அந்த வேகம் வராது. அதோடு ஒரு டன் வாயுவுக்கு 25 டன் அளவுக்குத் தண்ணீர் வேண்டும், அது இங்கே எங்கே இருக்கிறது?

ஒரே ஒரு இடம் நம் பக்கத்தில் விதிவிலக்கு, அதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. சேலத்திலிருந்து ஏற்காட்டு மலைப் பக்கம் போகும்போது வெள்ளை வெள்ளையாகத் தெரிகிற வெள்ளைக்கல் சுரங்கங்கள் இருக்கிறதே, அந்த மேக்னசைட், மக்னீசியம் நிறைந்த டூனைட் பாறையோடு கரியமில வாயு கலந்த தண்ணீர் வினைபுரிந்து உண்டானது. பச்சையும் பழுப்புமான பாறைக்குள் நரம்பு நரம்பாக வெள்ளைக்கல் ஓடும். கையில் ஒரு கிலோ சுத்தமான மேக்னசைட்டை எடுத்தால் அதில் பாதிக்கு மேல், ஏறக்குறைய 520 கிராம், கரியமில வாயுதான். இயற்கை இந்த வேலையை நம் மண்ணிலேயே செய்து வைத்திருக்கிறது. சூளையில் போட்டுச் சுட்டால் அத்தனையும் திரும்பக் காற்றுக்குப் போய்விடும். பரப்பு சின்னது, மேட்டூர்ப் புகைக்கெல்லாம் ஆகாது. ஆனால் சுரங்கத்தில் வெட்டிக் கொட்டிய டூனைட் தூள் எவ்வளவு வேகமாக வாயுவை இழுக்கிறது என்று நம் பொறியியல் கல்லூரிகள் ஆராய்ச்சி செய்ய அருமையான இடம்.

இறக்கின வாயு கசிந்தால் ஆபத்தா?

காற்றைவிடக் கனமான வாயு, பள்ளத்தில் தேங்கினால் மூச்சு முட்டும். கேமரூன் நாட்டில் நியோஸ் ஏரியிலிருந்து 1986-இல் இயற்கையாகப் பொங்கிய வாயுவில் ஏறக்குறைய 1,700 பேர் இறந்தார்கள். 2020-இல் மிசிசிப்பி மாநிலத்தின் சட்டார்ஷியாவில் வாயுக் குழாய் வெடித்து 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். சேமிப்பு அடுக்கிலிருந்து அப்படி மொத்தமாகப் பொங்க வாய்ப்புக் குறைவு, மெதுவான கசிவுதான் கவலை. அல்ஜீரியாவின் இன் சலாவில் 2004-இலிருந்து இறக்கி, நிலம் மேலெழும்புவது செயற்கைக்கோளில் தெரிந்து, மூடி அடுக்கைப் பற்றிச் சந்தேகம் வந்ததும் 2011-இல் நிறுத்தினார்கள். அமெரிக்காவின் இலினாய் மாநிலத்து டெக்கேட்டரில் கண்காணிப்புக் கிணற்றின் குழாயே அரித்து, அனுமதி இல்லாத அடுக்குக்குள் நகர்வு தெரிந்தது, 2024-இல் நிறுத்திவைத்தார்கள். எங்கே போகிறது என்று விடாமல் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் இரண்டு இடத்திலும் நிறுத்த முடிந்தது.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

1974-ஆம் வருடத்து நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, நச்சுப் பொருளையோ மாசுப் பொருளையோ தெரிந்தே ஓடையிலோ கிணற்றிலோ விடக்கூடாது என்கிறது. நிலத்தடி நீரையும் ஓடை என்ற சொல்லுக்குள்ளேயே அந்தச் சட்டம் சேர்த்திருக்கிறது. ஆகவே "என் நிலம், என் போர்" என்று யாரும் சொல்லிக்கொள்ள முடியாது.

எங்கள் பக்கத்தில் போருக்குள் விடுகிறார்கள் என்று சந்தேகமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

முதலில் தண்ணீரைப் பிடியுங்கள், அப்புறம் ஆளைப் பிடிக்கலாம். சண்டைக்குப் போனால் இரவோடு இரவாகக் குழியை மூடிவிடுவார்கள்.

மோட்டாரைப் போட்டுக் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். புது இரண்டு லிட்டர் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிவிட்டு, காற்று இல்லாமல் முழுக்க நிரப்புங்கள். ஒரு மணி நேரம் ஓடினபிறகு இன்னொரு பாட்டில். மேலே சொன்ன ஊதாத் தண்ணீர் மாதிரி இரண்டாவதில்தான் விஷயம் இருக்கும். தேதி, நேரம், போரின் ஆழம், சர்வே எண் எழுதி ஒட்டுங்கள். அன்றைக்கே குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுங்கள்.

டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளின் மொத்த அளவு, அதை மட்டும் பார்த்தால் போதாது, நம் பக்கத்துத் தண்ணீரில் இயல்பாகவே உப்பு அதிகம். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தரநிர்ணயம். 1,800 இருக்கிற கிணறு கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. போன வருடம் 900 இருந்து இப்போது 1,800 என்றால்தான் சந்தேகம். சோடியம், குளோரைடு, சல்பேட் மூன்றையும் கேட்டு வாங்குங்கள், சாயப்பட்டறை உப்பு அவற்றில்தான் தெரியும். பழைய பரிசோதனைச் சீட்டு எது இருந்தாலும் தேடி எடுத்து வையுங்கள்.

பட்டறை வளாகத்தில் மோட்டார் இல்லாத போர், கேசிங்குக்குள் இறங்குகிற ஹோஸ், மூடி போட்டு மண் தள்ளிய இடம், இவை கண்ணில் பட்டால் உங்கள் நிலத்தில் நின்றபடியே படம் எடுங்கள், உள்ளே போகாதீர்கள். மனுவை மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டப் பொறியாளருக்கும், திங்கள்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கலெக்டருக்கும் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அதே வாரத்தில் சுற்றியிருக்கிற நான்கைந்து தோட்டத்துப் போர்களிலும் தண்ணீர் எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். எந்தக் கிணற்றில் உப்பு கூடியிருக்கிறது, எதில் கூடவில்லை என்று வரைபடத்தில் குறித்தால்தான் கழிவு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அதிகாரியிடம் காட்ட முடியும்.